கறுப்பும் அரக்கும்: பட்டறைச் சிலிண்டர்களின் வரலாறு

சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "நயினார் சார், வழக்கம்போல சமண இலக்கியத்துல ஒண்ணு கொடுத்துடுங்க" என்றார். சென்ற முறை சீவக சிந்தாமணி, அதற்கு முந்திய முறை திருநாதர்குன்றம். அவற்றை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்த முறை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எனக்குச் சோறு போட்ட தொழிலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வெல்டிங் சாமானா சார்?" என்று கேட்டார். ஆமாம், வெல்டிங் சாமான்தான்.

ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. யாப்பருங்கலக்காரிகை செய்த அமிதசாகரர் சமணர்; அதற்கு உரை கண்ட குணசாகரரும் சமணர். வெண்பா வகைகளில் ஆசிடை நேரிசை வெண்பா என்று ஒன்று உண்டு. முதற்குறளும் தனிச்சொல்லும் நேராக இசையாமல் நிற்கும்போது, இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து இசையவைப்பார்கள். அந்தச் சேர்மானத்துக்கு 'ஆசு' என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பொருத்துகிறவன் இடையே பற்றாசு வைப்பதுபோல என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். கவிதை இலக்கணத்துக்கு உவமை பட்டறையிலிருந்து வந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் வெல்டிங் செய்வதற்குப் 'பத்த வைக்கிறது' என்கிறோம். நெருப்பு மூட்டுவதற்கும் அதே சொல்தான். இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குப் பட்டறைகளில் என்னென்ன விதிகள் வந்தன, அவை எங்கிருந்து வந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு துளி எண்ணெய்

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979-இல், என் பத்தொன்பதாம் வயதில், ரயிலேறி வந்து தாதரில் இறங்கினேன். நாக்தேவி தெருவில் மாமாவுக்கு ஒரு சிறு கடை. ரெகுலேட்டர், டார்ச், நாசில், ரப்பர் ஹோஸ், பித்தளைக் கம்பி, கறுப்புக் கண்ணாடி இவைதான் வியாபாரம். பகலில் கடை, சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

1982-இல் குர்லாவில் ஒரு பட்டறைக்குப் புது ரெகுலேட்டர் கொண்டுபோனேன். ஆக்சிஜன் சிலிண்டரில் அதைப் பூட்டும்போது நட் இறுகிக்கொண்டது. பக்கத்தில் எண்ணெய்க் கேன் இருந்தது. மரையில் ஒரு சொட்டு விடலாம் என்று எடுத்தேன். அங்கே ஃபிட்டராக இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். என் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் கேன் சுவரில் போய் அடித்தது.

"ஏலே, ஆக்சிஜன்ல எண்ணெ ஆகாது!"

"ஏன் அண்ணாச்சி?"

"ஆகாதுன்னா ஆகாது. எங்க மேஸ்திரி சொன்னது. அவருக்கு அவரு மேஸ்திரி சொன்னது."

அவ்வளவுதான். நானும் அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

1984-இல் தாராவியிலிருந்து ஒரு பையன் வந்தான். பதினேழு வயது இருக்கும். எங்கள் கடையில் வாங்கிய ரெகுலேட்டரைக் காட்டி, "அண்ணே, மரை இறுகுது" என்றான். "எண்ணெய் மட்டும் போட்டுடாதே தம்பி" என்றேன். "அப்ப புதுசு வாங்கணும்னு சொல்றீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான். வியாபாரி சொல்லும் எச்சரிக்கையில் வியாபாரம் இருக்கும் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. மறுவாரம் சேதி வந்தது. மரையிலும் வாஷரிலும் எண்ணெய் தடவியிருக்கிறான். சாவியை ஒரே வீச்சில் திருப்பியிருக்கிறான். ரெகுலேட்டரே தீப்பந்தமாகி முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று.

மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப்போட்ட முகத்தோடு, "ஏன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பேண்ணே" என்றான். ஏன் என்று எனக்கே தெரியாது என்பதை அவனிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பார்கள். கெமிஸ்ட்ரி, இஞ்சினியரிங் என்று கையில் அகப்பட்டதை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனுக்கு அது மெதுவான வேலை.

எண்ணெய் விஷயம் இதுதான். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். கார் டயரில் இருப்பது 2 கிலோ சொச்சம். வால்வைச் சட்டென்று திறந்தால், அந்த அழுத்தம் ரெகுலேட்டரின் சிறு அறைக்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்து, அங்கிருக்கும் வாயுவை நசுக்குகிறது. நசுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதே, அதே சங்கதி. இங்கே பல நூறு டிகிரி வரை போகும். சுத்த ஆக்சிஜனில் அந்தச் சூடு போதும். எண்ணெய்க்குத் தீக்குச்சி தேவையில்லை. எண்ணெய் பற்றினால் அதிலிருந்து ரப்பர் வாஷர் பற்றும், பிறகு உலோகமே எரியும். மரையில் எண்ணெய் கூடாது, கிரீஸ் கை கூடாது, வால்வை மெல்லத் திறக்க வேண்டும், திறக்கும்போது ரெகுலேட்டருக்கு நேரே நிற்கக் கூடாது என்ற நான்கு விதிகளுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். நான்கையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவன் ஒன்றை மறப்பான்.

ஓடையில் கொட்டிய கசடு

வெல்டிங் பட்டறையில் இரண்டு சிலிண்டர் பக்கம் பக்கமாக நிற்கும். கறுப்பு ஆக்சிஜன், அரக்கு நிறம் அசிட்டிலீன். நம் பட்டறைகளில் இதை 'டி.ஏ.' என்பார்கள். பல ஆண்டு டி.ஏ. என்று சொன்னவர்களுக்கும் அதன் விரிவு தெரியாது: 'கரைத்த அசிட்டிலீன்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இந்தக் 'கரைத்த' என்ற சொல்லுக்குப் பின்னால் சில உயிர்கள் இருக்கின்றன.

அசிட்டிலீனை முதலில் கண்டவர் எட்மண்ட் டேவி, 1836-இல். கார்பைடிலிருந்து அதை எடுக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் வோலர் 1862-இல் காட்டினார். ஆனால் கார்பைடு மலிவாகக் கிடைத்தது தற்செயலாக. 1892-இல் அமெரிக்காவில், வட கரோலினாவின் ஸ்ப்ரே என்ற ஊரில், தாமஸ் வில்சன் மின் உலையில் சுண்ணாம்பையும் தாரையும் காய்ச்சி வேறொரு உலோகம் எடுக்கப் பார்த்தார். கிடைத்ததோ ஒரு கருங்கசடு. அதைத் தண்ணீரில் போட்டதும் வாயு கொப்பளித்தது. கொளுத்தியதும் புகையோடு எரிந்தது. அந்தக் கசடுதான் கால்சியம் கார்பைடு. மாம்பழ மண்டியில் 'கல் வைத்துப் பழுக்கவைப்பது' என்கிறோமே, அந்தக் கல். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. மண்டிக்காரர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கார்பைடில் கலந்திருக்கும் அசுத்தத்தால் அந்த வாயுவுக்கு வெள்ளைப்பூண்டு வாடை. எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் பூண்டு வாடையில்தான் தொழில் செய்தேன்.

அசிட்டிலீனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் சுடர் அதுவரை அறிந்த எந்தச் சுடரையும்விடச் சூடானது என்று 1895-இல் பிரெஞ்சு அறிஞர் ல ஷாதலியே அறிவித்தார். 3,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். இரும்பு உருக 1,500-ஐ ஒட்டிய சூடு போதும். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே காற்றைத் திரவமாக்கும் வழியைக் கண்டார். சில ஆண்டுகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்து எடுக்கலாயிற்று. 1903-ஐ ஒட்டி ஃபூஷே, பிக்கார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு வாயுவையும் கலந்து எரிக்கும் டார்ச்சை உருவாக்கினார்கள். இன்றும் பட்டறையில் கையில் பிடிக்கும் டார்ச் அதன் பேரன்தான்.

ஆனால் அசிட்டிலீனைச் சேமிப்பது எப்படி? மற்ற வாயுவைப்போல இதையும் நசுக்கித் திரவமாக்கி உருளையில் அடைத்தார்கள். 1896-இல் பாரிசிலும் பெர்லினிலும் அப்படி அடைத்த இடங்களில் வெடித்து ஆட்கள் செத்தார்கள். காரணத்தைத் தேடிய பெர்த்தலோவும் வியேயும் அதே ஆண்டில் சொன்னது இது: இந்த வாயு எரிவதற்குக் காற்றே வேண்டாம். மொத்தம் இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே போனால், ஓரிடத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும், வாயு தானாகவே கரியும் ஹைட்ரஜனுமாக உடைந்து வெடிக்கும். ரெகுலேட்டர் கேஜில் அது 1 கிலோ அளவு. இன்றைக்கும் 'அசிட்டிலீனை 1 கிலோவுக்கு மேல் ஏத்தாதே' என்று பட்டறையில் சொல்கிறோம். அந்த எண் 1896-இன் எண்.

அப்படியானால் 15 கிலோ அழுத்தத்தில் டி.ஏ. சிலிண்டர் நம் பட்டறையில் எப்படி நிற்கிறது? ஜார்ஜ் கிளோதும் ஆல்பர்ட் ஹெஸ்ஸும் 1896-97-இல் வழி கண்டார்கள். அசிட்டோன் என்ற திரவத்தில் இந்த வாயு ஏராளமாகக் கரையும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் அசிட்டோனில் சுமார் 25 லிட்டர். அழுத்தம் கூட்டினால் அதற்கேற்பப் பன்மடங்கு. அந்த அசிட்டோனை நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளில் ஊறவைத்து உருளை முழுக்க அடைத்துவிட்டால், வாயு தனியாகக் கூடி நிற்க இடமே இராது. எங்காவது உடையத் தொடங்கினாலும் பரவாது. பின்னாளில் தெருவெல்லாம் மின்னிய நியான் விளக்கைத் தந்தவரும் இதே கிளோதுதான்.

ஆகவே டி.ஏ. சிலிண்டர் வெற்றுக் குடம் அல்ல. பாலில் ஊறிய ரஸ்க் மாதிரி அதன் உள்ளே ஒரு திடப்பொருள் இருக்கிறது. இது தெரியாதவன் அதைப் படுக்கவைத்து உபயோகிப்பான். அசிட்டோன் வாயுவோடு சேர்ந்து ஹோஸுக்குள் வரும். கீழே போட்டு உருட்டுவான். உள்ளிருக்கும் ரஸ்க் உடைந்து இடைவெளி விழும். படுத்துக் கிடந்த சிலிண்டரை நிமிர்த்திச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே திறக்க வேண்டும் என்று நான் சொன்னால், "சிலிண்டருக்குமா ரெஸ்ட்டு?" என்று கேலி செய்த பட்டறைக்காரர்கள் உண்டு. ரஸ்க் கதையைச் சொன்ன பிறகு கேலி குறைந்தது.

கண்ணிழந்த நோபல்காரர்

இந்த ஊறவைக்கும் பொருளைச் செம்மைப்படுத்தியவர் சுவீடனின் குஸ்தாவ் தலேன். அவருடைய நிறுவனத்தின் பெயர் 'ஆகா'. நம் வியப்புச் சொல் அல்ல. மூன்று எழுத்துச் சுருக்கம். கலங்கரை விளக்கங்களுக்கு அசிட்டிலீன் விளக்கு செய்துகொண்டிருந்த நிறுவனம். ஆளில்லாப் பாறைகளில் எரியும் விளக்குப் பகலில் தானே அணைந்து இருட்டியதும் தானே எரிய வேண்டும். அதற்குத் தலேன் 1907-இல் 'சூரிய வால்வு' ஒன்று கண்டார். கருநிறக் கம்பி ஒன்று வெயிலை உறிஞ்சி நீண்டு வாயுவை அடைத்துவிடும். அந்தி சாய்ந்தால் சுருங்கித் திறந்துவிடும். மின்சாரம் இல்லை, கடிகாரம் இல்லை. இந்தியக் கடற்கரையிலும் கரைத்த அசிட்டிலீனில் எரிந்த விளக்குகள் இருந்திருக்கின்றன.

1912-இல், அசிட்டிலீன் சிலிண்டர் தீயில் அகப்பட்டால் அதன் பாதுகாப்பு அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று திறந்தவெளியில் தாமே சோதித்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் வெடித்தது. இரண்டு கண்ணும் போயின. அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. போய் வாங்க முடியாத நிலையில் அவர் சகோதரர் போய் வாங்கினார். அந்தச் சகோதரர் ஒரு கண் மருத்துவர். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாராவிப் பையன்தான் கண்முன் நின்றான்.

தலேன் அதன்பின் 25 ஆண்டுகள், 1937-இல் இறக்கும்வரை, கண்ணில்லாமலே நிறுவனத்தை நடத்தினார். வீட்டில் மனைவி அடுப்போடு படும் பாட்டை உணர்ந்து 1922-இல் ஒரு சமையல் அடுப்பும் வடிவமைத்தார். ஐரோப்பாவில் அது இன்றும் பெயர் பெற்ற அடுப்பு.

இன்றைய டி.ஏ. சிலிண்டர்களில் எளிதில் உருகும் உலோக அடைப்பு ஒன்று இருக்கும். சுமார் 100 டிகிரியில் உருகி வாயுவை வெளியே விட்டுவிடும். தீயில் சிலிண்டர் முழுதாக வெடிப்பதைவிட ஓட்டை வழியே எரிவது மேல். அந்த அடைப்பு ஒழுகுகிறது என்று ஈயத்தை வைத்து அடைத்த ஒரு கெட்டிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்க அரை நாள் ஆயிற்று.

இந்தியாவில் வந்த விதிகள்

நம் நாட்டில் 1935-இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியன் ஆக்சிஜன் அண்ட் அசிட்டிலீன் கம்பெனி தொடங்கப்பட்டது. பிறகு இந்தியன் ஆக்சிஜன், ஐ.ஓ.எல்., பி.ஓ.சி. இந்தியா என்று பெயர் மாறி, 2013 முதல் லிண்டே இந்தியா. காற்றைத் திரவமாக்கிய அதே லிண்டேயின் பெயர்.

சட்டத்தின் கதை வேடிக்கையானது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் வெடிமருந்துக்காக வந்தது. 1938-இல் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: உலோகக் கலத்தில் அழுத்தி அடைத்த எந்த வாயுவும் அச்சட்டப்படி 'வெடிபொருள்' எனக் கருதப்படும். எரியாத நைட்ரஜன்கூட உருளைக்குள் போனதும் சட்டத்தின் கண்ணில் வெடிமருந்து! சட்டம் செய்தவர்களுக்குப் பட்டறை தெரிந்திருந்தது என்பேன். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றில் சுமார் 7 கன மீட்டர் வாயு அடங்கியிருக்கிறது. உருளையின் உள்ளளவோ 47 லிட்டர்தான். கீழே விழுந்து வால்வின் கழுத்து ஒடிந்தால், அறுபது கிலோ இரும்பு தீபாவளி ராக்கெட் ஆகிவிடும். தீயே இல்லாமல் சுவரைத் துளைக்கும். சங்கிலி போட்டுக் கட்டு, நகர்த்தும்போது தொப்பியைப் பூட்டு என்பதற்குக் காரணம் இது. நாக்தேவி தெருவில் ஹாத்காடியில் தொப்பியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் நான் இன்றும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.

1940-இல் கேஸ் சிலிண்டர் விதிகள் வந்தன; 1981, 2004, 2016 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. நிர்வகிப்பது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் துறை. இப்போது 'பெசோ' என்று பெயர். ஆக்சிஜன் சிலிண்டரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்பி, தேதியை உலோகத்திலேயே பொறிக்க வேண்டும். வாங்குகிறவன் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பத்தில் ஒருவன் பார்ப்பான்.

நிறங்கள் பிரிட்டிஷ் வழக்கிலிருந்து வந்தவை. நம் தரநிர்ணயத்தில் ஆக்சிஜன் கறுப்பு, அசிட்டிலீன் அரக்கு, ஹைட்ரஜன் சிவப்பு, ஆர்கான் நீலம், நைட்ரஜன் சாம்பல் உடலில் கறுப்புக் கழுத்து, மருத்துவ ஆக்சிஜன் கறுப்பு உடலில் வெள்ளைக் கழுத்து. நிறத்தோடு விட்டுவிடவில்லை. அசிட்டிலீன் போன்ற எரியும் வாயுவுக்கு மரை இடப்பக்கம் திரும்பும்; ஆக்சிஜனுக்கு வலப்பக்கம். ஒன்றின் ரெகுலேட்டரை மற்றதில் மாட்ட நினைத்தாலும் ஏறாது. இடமரை நட்டின் முனைகளில் சிறு வெட்டு இருக்கும்; இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் கைக்கும் விளங்கட்டும் என்று செய்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவரைப் பார்த்தால் கும்பிடலாம். அதையும் மீறி, பானாவைப் போட்டு மரையை நசுக்கி ஏற்றிய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சிறு விதி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹோஸ் அறுந்தால் அசிட்டிலீன் ஹோஸைச் செம்புக் குழாய் வைத்து ஒட்டக் கூடாது. வாயுவும் செம்பும் சேர்ந்து ஓர் உப்பு உண்டாகும். உலர்ந்தால் தட்டினாலே வெடிக்கும். 'செம்பு நல்ல உலோகமாச்சே' என்று நம் ஆட்கள் அதைத்தான் தேடி எடுப்பார்கள்.

தாருகானா

மும்பையில் வாழ்ந்துகொண்டு சிலிண்டர் வரலாறு எழுதுகிறவன் ரே ரோடு பக்கத்துத் தாருகானாவை விட முடியாது. அந்தப் பெயருக்கே வெடிமருந்துக் கிடங்கு என்றுதான் பொருள். பிறகு அது கப்பல் உடைக்கும் இடமாயிற்று. 1971 போரில் பங்கெடுத்த விமானந்தாங்கி விக்ராந்த் 2014-இல் இங்கேதான் கேஸ் கட்டருக்கு இரையாகத் தொடங்கியது. அதன் எஃகை உருக்கிக் கலந்து மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள். என் பேரன் ஒன்று வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தான்.

தாருகானாவில் இரண்டு பாடம் கற்றேன். ஒன்று நிறத்தைப் பற்றியது. உடைக்க வரும் கப்பல்களில் பழைய சிலிண்டர்கள் கிடக்கும். ஜெர்மனியின் பழைய வழக்கில் ஆக்சிஜனுக்கு நீலம், அசிட்டிலீனுக்கு மஞ்சள். நம் ஊரில் நீலம் என்றால் ஆர்கான். எதையும் எரியவிடாத வாயு. நீலத்தைப் பார்த்து ஆர்கான் என்று எண்ணி ஆக்சிஜனைத் திறந்தால் என்ன ஆகும்? நிறத்தை மட்டும் நம்பாதே, சீட்டையும் பொறிப்பையும் படி என்று அங்கே வருகிறவர்களிடம் சொல்வேன்.

இரண்டாவது, மூடிய அறையைப் பற்றியது. இங்கிலாந்தில் நியூகாசில் அருகே 1976 செப்டம்பர் 23 அன்று, கட்டிக்கொண்டிருந்த கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலில் எட்டுப் பேர் எரிந்து மாண்டார்கள். முந்தின நாள் மாலை வேலை முடித்துப் போனவர் ஆக்சிஜன் ஹோஸை கப்பலின் கீழறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரவெல்லாம் வாயு கசிந்து அறையை நிரப்பியது. ஆக்சிஜனுக்கு மணமில்லை. காலையில் ஒருவர் வெல்டிங் பொறி தட்டியதும் எல்லாமே ஒரே மூச்சில் பற்றியது. அதற்கு எரிவாயு தேவைப்படவில்லை. ஆக்சிஜன் கூடிய காற்றில் சட்டைத் துணியே போதும்.

"ஆக்சிஜன் உயிர் காக்கிறதுதானே, அதுல என்ன ஆபத்து?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. வெயிலில் வியர்த்தவன் ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள் விட்டு விசிறிக்கொள்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சட்டைத் தூசியை அதால் ஊதுவார்கள். இப்போது கப்பல் வெட்டுவதற்கு அசிட்டிலீனுக்குப் பதில் சமையல் எரிவாயுவையே பெரும்பாலும் உபயோகிக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கீழறையில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தங்கும். சாப்பாட்டுக்குப் போகும்போது டார்ச்சை மட்டும் மூடிவிட்டுப் போகாதே, சிலிண்டரையே மூடு, ஹோஸை வெளியே இழுத்துப் போடு என்று கடையில் ஒரு சீட்டே அச்சடித்துக் கொடுத்தேன். தமிழிலும் இந்தியிலும். ஒவ்வொரு வரிக்கும் கீழே 'ஏனென்றால்' என்று ஒரு வரி. "சீட்டுக்கு ஆன செலவுல நாலு நாசில் வாங்கிருக்கலாம்" என்றார் மாமா. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

2021 ஏப்ரல்

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 22 முதல், சில தொழில்களுக்கு விலக்களித்து, மற்றவற்றுக்கு ஆக்சிஜன் வழங்குவதை மத்திய அரசு நிறுத்திவைத்தது. பட்டறைகள் மூடின. நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களைக்கூடச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்ற பெசோ அனுமதித்தது. பட்டறைக் கறுப்புச் சிலிண்டர்களின் கழுத்தில் வெள்ளை அடிக்கும் காலமாயிற்று.

அந்த நாட்களில் எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. பெரும்பாலும் நம் சங்கத்துக் குடும்பங்கள்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த சிலிண்டரை எப்படித் திறப்பது என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்டது, "கையில சானிடைசர் போட்டிருக்கீங்களா?" என்பது. சானிடைசர் என்பது சாராயம். காயும்வரை வால்வைத் தொடக் கூடாது. மூக்கு உலர்கிறது என்று வாஸலின் தடவாதீர்கள். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் விடுங்கள். சாமி விளக்கைப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். ஒரு அம்மா, "விளக்கை அணைச்சா அபசகுனம் ஆயிடாதா ஐயா?" என்று அழுதார். அணைக்க வேண்டாம், அடுத்த அறையில் எரியட்டும் என்றேன்.

1984-இல் கண்ணிழந்த பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அவர் இப்போது பையன் இல்லை. சயானில் சின்னதாக ரெகுலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மாற்று வாஷர், கேஜ் கண்ணாடி எல்லாம் என்னிடம்தான் வாங்குவார். அந்த ஏப்ரலில் சங்கத்து இளைஞர் ஒருவர் எங்கோ ஒரு பட்டறையில் இரண்டு கறுப்புச் சிலிண்டரைப் பிடித்து, நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆட்டோ வைத்துக்கொண்டு, வால்வைச் சரிபார்க்க அவரிடம் நிறுத்தினார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

அவர் குனிந்து, ஒரு கண்ணால் வால்வின் வாயைப் பார்த்தார். விரலால் தொடவில்லை. "தம்பி, இதை எந்தத் துணியால தொடச்சீங்க?"

"பட்டறையில கிடந்த துணிதான் அண்ணே. தூசியா இருந்துச்சு. அவசரம்ணே, பெட் வெயிட்டிங்."

"இது அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. ஃபில்லிங் பிளான்ட்டுக்குப் போகட்டும். அவங்க கழுவி, டெஸ்ட் பண்ணி, நிரப்பித் தரட்டும். நான் போன் போடுறேன்."

இளைஞருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நேரத்தில் போய் விதி பேசுகிறீர்களே என்றார். அவர் பதில் சொல்லவில்லை. கடைக்குள்ளிருந்து சைக்கிள் பம்ப்பை எடுத்துவந்தார். வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இருபது முறை அடித்தார். "இப்ப அடியில தொட்டுப் பாருங்க" என்றார். இளைஞர் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். 2 கிலோ, 150 கிலோ, ஒரு சொட்டு எண்ணெய். தம் முகத்தை ஒருமுறைகூடச் சுட்டிக்காட்டவில்லை.

இளைஞர் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் பிளான்ட்டுக்கு வழி சொல்லத் தொடங்கினார்.